உப்பு மாடு இழுத்த கல்யாண வண்டி

எங்கள் குடும்பத்து வேன்கள் அத்தனையின் நெற்றியிலும் ‘கன்னியப்பன் டிராவல்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். கன்னியப்பன் என் கூடப் பிறந்த அண்ணன். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலை ஆரம்பித்தது அவன் இல்லை. அவன் பெண்டாட்டி, என் அண்ணி செங்கேணி. இதை எத்தனை தடவை சொன்னாலும் பேரப்பிள்ளைகள் “சரி ஆயா, சரி ஆயா” என்று தலையாட்டுகிறார்களே தவிர பேரை மாற்றுவதில்லை. மாற்றுகிற வரைக்கும் அந்த வேனில் காலை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காஞ்சிபுரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக்கூட பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகிறேன். அவர்கள் எழுதாததை நான் சொல்லிவைக்கிறேன்.

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் வேறு, எங்கள் தெரு வேறு. நடுவில் ஒரு வயல். ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவில் அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்கள் இருந்தோம். அண்ணன் ஒரு பண்ணையில் ஆள். நானும் அண்ணியும் நாற்று நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு என்று போவோம். அண்ணிக்கு மூன்று குழந்தைகள். மூத்தவள் கோவிந்தம்மாளுக்கு ஆறு வயது இருக்கும். அடுத்தது கோபால். கடைசி சுப்பிரமணி, அப்போதுதான் நடக்கப் பழகினவன், பால்குடி மறக்காதவன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்றையும் இடுப்பு மாற்றி இடுப்பு தூக்குவதுதான் எனக்கு வேலை.

அண்ணி பிறந்த ஊர் கூரம். அங்கேயிருந்து எங்கள் ஊருக்கு அவள் கல்யாணப் பெண்ணாக நடந்து வந்தாள். எங்கள் சனத்தில் எல்லாப் பெண்ணும் அப்படித்தான். புதுச்சேலையை மூட்டையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பழைய சேலையில் வரப்பு வரப்பாக நடந்து, மாப்பிள்ளை ஊர் எல்லை வந்ததும் ஏதாவது ஒரு மரத்து மறைவில் புதுச்சேலையைச் சுற்றிக்கொள்ள வேண்டியது. அண்ணி வந்த அன்றைக்கு முதல் நாள் மழை. முழங்கால் வரைக்கும் சேறு. மணையில் உட்கார வந்தவளைப் பார்த்து எங்கள் பெரியம்மா ஒருத்தி கேட்டாள்:

“இன்னாடி இது, பொண்ணு வருதுன்னு பாத்தா நாத்து நட்டுட்டுக் கரையேறி வர்றா!”

சனமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன், சின்னப் பெண்தானே. அண்ணி சிரிக்கவில்லை. அவள் மனதில் அது முள்ளாக நின்றுவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெண்ணின் முகத்தைப் பார்க்கமாட்டாள். காலைத்தான் பார்ப்பாள்.

மரக்காணம் பக்கத்திலிருந்து பச்சமுத்து என்று ஒருவர் உப்பு வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். ஊர் ஊராக உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் தெருவுக்குக் கடைசியாகத்தான் வருவார். புங்கமரத்தடியில் ஒரே ஒரு இடத்தில் வண்டியை நிறுத்துவார், நாங்கள் எல்லோரும் முறத்தை எடுத்துக்கொண்டு அங்கே ஓடவேண்டும். தேர்தல் வந்த ஐம்பத்தேழாம் வருஷம், தை மாசம், அவர் முழங்கால் வீங்கிப்போய் வண்டியில் ஏறவே முடியாமல் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“இதோட உப்பு போதும்மா. வண்டியையும் மாட்டையும் யார்னா வாங்கிக்கினா குடுத்துட்டு பஸ்ஸு புடிச்சி ஊருக்குப் போறேன்” என்றார்.

அண்ணி களையெடுத்துவிட்டு வந்தவள், கையிலிருந்த சேற்றைக்கூடத் துடைக்காமல் கேட்டாள்: “எனக்குக் குடுப்பியா அண்ணே?”

பச்சமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு இன்னாத்துக்கும்மா மாடு? உப்பு விக்கப்போறியா?”

“உப்பு இல்ல. சனத்த ஏத்தப்போறேன்.”

காதில் கிடந்த கம்மலும் இரண்டு வெள்ளாடும் பச்சமுத்துவிடம் போயின. அண்ணன் பொழுது சாய்ந்து வந்து பார்க்கிறான், ஆடு கட்டின இடத்தில் இரண்டு பெரிய மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. வலது மாட்டுக்கு ஒரு கொம்பு பாதியில் உடைந்திருக்கும். பச்சமுத்து போகும்போது இரண்டு மாட்டின் நெற்றியையும் தடவிக்கொடுத்துச் சொன்ன வார்த்தை எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

“தங்கமான மாடும்மா. வழி சொல்லத் தேவையில்ல. எங்க திரும்பணும், எங்க நிக்கணும், எல்லாம் அதுங்களுக்கே தெரியும்.”

நாங்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டோம். பேஜார் அதற்குள்ளேதான் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் குதி குதி என்று குதித்தான். “இன்னாமே, பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிடுச்சா? நம்ம சனம் வண்டி ஏறிக் கல்யாணத்துக்குப் போவுமா? எவன்மே ஏறுவான்?”

“நீ ஏறாத. நான் உன்ன ஏத்தறேன்னு சொன்னேனா?”

“யார் ஓட்டறது? நான் பண்ணைக்குப் போவேன்.”

“எனக்குக் கை இல்லையா?”

“பொம்பள வண்டி ஓட்டறதா! மூணு கொயந்தைங்கள எங்க போடுவ?”

“வண்டிலதான். அதுக்குத்தான்யா வண்டி.”

எனக்கும் அண்ணிக்கும் அந்த மாதிரி சந்தோஷம் வாழ்நாளில் வந்ததில்லை. மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் காட்டி வளைத்து, வண்டிக்கு நாங்களே கூண்டு கட்டினோம். அதன்மேல் பாய் போட்டு, பாய்க்குமேல் அண்ணியின் சிவப்புச் சேலையைப் போர்த்தினோம். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம். உப்பு அளக்கிற இரும்புப் படி ஒன்றைப் பச்சமுத்து வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சுப்பிரமணி அதைப் பிடித்துக்கொண்டான். தூங்கும்போதுகூட அதைக் கையைவிட்டு எடுக்க முடியாது. எங்கள் தெருவிலும் வயல் பாதையிலும் வண்டியை ஓட்டிப் பழகினோம். மாடு பஞ்சு மாதிரி போயிற்று. புங்கமரத்தடியில் மட்டும் தானாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் நகரும். “பாவம், பழக்கம்” என்று சிரித்துக்கொண்டோம். ஊர்த்தெருவுக்குள் ஓட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வண்டி எங்கே ஊர்த்தெருவுக்குள் போவது? அந்தக் காலத்தில் அப்படி.

மாசி மாசம் முதல் சவாரி வந்தது. எங்கள் தெரு வேதகிரியின் மகள் அம்முலுவைப் பெருநகரில் கொடுக்கப் பேசியிருந்தார்கள். எங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். அம்முலுவின் அம்மா முனியம்மாள் முதலில் மாட்டேன் என்றாள். அம்முலு சோறு தின்னாமல் உட்கார்ந்துகொண்டாள்.

“செவப்பு வண்டிலதான் போவேன். இல்லன்னா நான் போவல, நீயே போய் கட்டிக்க!”

“பேச்சப் பாரு!” என்று முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அண்ணியிடம் வந்தாள். “இந்தா செங்கேணி, மாப்ள வூட்டுக் கெழவி கறாரா சொல்லிட்டா. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள பொண்ணு மணையில உக்காரணும். தப்பிச்சின்னா இனிமே வைகாசிதான்னு. கொண்டுபோய்ச் சேத்துடுவியா?”

“உச்சிக்கு முன்னாடியே சேத்துடுவேன்க்கா. கால்ல ஒரு பொட்டு மண்ணு ஒட்டாம.”

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன், வீட்டுக்குள் வந்து மெதுவாகத்தான் சொன்னான். சத்தம் போட்டிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

“இந்த ஒரு கல்யாணம்மே. நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டா அப்புறம் நான் வாய தொறக்கமாட்டேன். சேரலன்னா அம்முலு வாழ்க்க கெட்டதுக்கு நாம பதில் சொல்லணும். மறாநாளே வண்டியும் மாடும் சந்தைக்குப் போவும். நீ பழையபடி நடவுக்குப் போவணும்.”

“சரி” என்றாள் அண்ணி. ஒரே வார்த்தை.

அன்றைக்கு விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். ஆண்கள் முறைவரிசையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகக் குறுக்கே முன்னால் நடந்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பண்ணையில் அறுப்பு. வண்டியில் நாங்கள் மட்டும்: அம்முலு, முனியம்மாள், நான், மூன்று குழந்தைகள். முன்னால் அண்ணி. ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் சுப்பிரமணி. அவன் பாட்டுக்குப் பால் குடித்துக்கொண்டிருக்கிறான், அவள் பாட்டுக்கு வண்டியை ஓட்டுகிறாள். வயலில் நின்றவர்கள் எல்லாம் அறுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோபால் ஒவ்வொருவருக்கும் கையை ஆட்டினான். கோவிந்தம்மாள் வண்டிக்குப் பின்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “எங்க வண்டி! எங்க வண்டி!” என்று கத்திக்கொண்டே வந்தாள். அம்முலு கூண்டுக்குள் புதுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போதே புதுச்சேலை கட்டின முதல் பெண் எங்கள் தெருவில் அவள்தான். தன் காலையே பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

வழியில் ஒரு பெரிய ஊர். பேரைச் சொல்லமாட்டேன். அங்கே எங்கள் சனத்தில் என் பேத்தியைக் கொடுத்திருக்கிறேன். அந்த ஊருக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஊர்த்தெருவுக்குள் போகும். இன்னொன்று ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். நாங்கள் சுற்றிப் போகவேண்டியவர்கள்.

பிரிகிற இடம் வந்தது. அண்ணி கயிற்றை வலது பக்கம் இழுத்தாள். மாடு இடது பக்கம் திரும்பிற்று.

“அண்ணி, அண்ணி, ஊர்த்தெரு!”

“தெரியுதுடி! இதுங்களுக்குச் சொல்லு!”

அவள் இழுக்க இழுக்க, மாடு மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு ஜோராகத் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஓட்டு வீடு. முதல் வீட்டு வாசலில் டக்கென்று நின்றது. நின்றதென்றால் நட்டுவைத்த கல் மாதிரி. அண்ணி நாக்கைச் சொடுக்கினாள், கயிற்றை உதறினாள், “ஹை ஹை” என்றாள். ஒரு காது அசையவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “அப்பாடா! உப்பு வந்துடுச்சா?”

முறம் நிறைய நெல்லோடு ஓர் அம்மாள் வேகமாக வெளியே வந்தார்கள். ஆண்டாளம்மாள் என்று அந்தத் தெருவில் பெரிய கை. வாசல் பூராவும் புளி காயப்போட்டிருந்தது. வந்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், சிவப்புச் சேலையைப் பார்த்தார்கள், கூண்டுக்குள் தலைநிறையப் பூவோடு உட்கார்ந்திருந்த அம்முலுவைப் பார்த்தார்கள்.

“இன்னாடி இது?”

“கல்யாணப் பொண்ணுங்கம்மா” என்றாள் அண்ணி.

“உப்பு?”

“இல்லீங்கம்மா.”

“இது பச்சமுத்து மாடுதான? இதோ கொம்பு ஒடஞ்சிகீதே. அவன் எங்க?”

“முட்டி வீங்கிப்போச்சிங்கம்மா. மாட்ட எனக்குக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாரு.”

“நல்லா போனான் போ! புளிய எடுத்துவெக்க உப்பில்லாம நான் வானத்தப் பாத்துக்கினு உக்காந்துகினு கீறேன். நீ பொண்ண ஏத்திக்கினு வந்து வாசல்ல நிக்கிற!”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சமுத்து எங்கள் தெருவில் ஓர் இடத்தில்தான் நிறுத்துவார். ஊர்த்தெருவில் வாசல் வாசலாக நிறுத்துவார். நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. மாட்டுக்கோ அது எத்தனையோ வருஷத்துப் பழக்கம். தெருக்கோடி வரைக்கும் எட்டிப் பார்த்தேன். எத்தனை வாசல்! பொழுது வேறு ஏறிக்கொண்டே இருந்தது. முனியம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குள் பாண்டுரங்கன் என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“யார் இது தெருவுக்குள்ள கல்யாண வண்டிய வுட்டது? உங்களுக்கு வழி அந்தாண்ட இல்ல? திருப்பு!”

“நான் வுடலீங்க ஐயா, மாடு வந்துடுச்சி. திரும்ப மாட்டேங்குது.”

“மாட்டுமேல பழியப் போடறியா? ஓட்டத் தெரியாதவளுக்கு வண்டி இன்னாத்துக்கு? நவுரு!”

அவரே முன்னால் வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடு அவர் முகத்தில் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். பின்னால் வந்து சக்கரத்தில் கையைக் கொடுத்து முக்கினார். முகம் சிவந்ததே தவிர வண்டி நகரவில்லை.

“ஏண்டா பாண்டு, உன்னால ஆவாது. அது பச்சமுத்து மாடு. உப்பு அளந்தாதான் நவுரும்” என்றார்கள் ஆண்டாளம்மாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுப்பிரமணிக்குக் கோபம் வந்தது. அண்ணி இரண்டு கையாலும் கயிற்றை இழுக்கிற அவசரத்தில் அவனை என் மடியில் தள்ளியிருந்தாள். பால் பாதியில் நின்றுவிட்டது. அவன் வீறிட்டுக் கத்திக்கொண்டு, கையிலிருந்த இரும்புப் படியால் வண்டிப் பலகையில் ஓங்கி அடித்தான். டக், டக்!

மாடு கிளம்பிற்று.

சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த பாண்டுரங்கன் அப்படியே குப்புறப் புளியின்மேல் விழுந்தார். வண்டி பத்து எட்டுப் போய் அடுத்த வாசலில் நின்றது. அது அவர் வீட்டு வாசல்! அவர் சம்சாரம் முறத்தோடு ஓடி வந்தார்கள்: “உப்பு கீதா? எவ்ளோ நாளாச்சி!” பார்த்தால் பெண்டாட்டி வாசலில், புருஷன் புளியில்.

அண்ணி என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். அவள் முகம் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. பச்சமுத்து உப்பை அளந்து முறத்தில் கொட்டினதும் படியைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாரே, ஒட்டிக்கொண்டிருக்கிற ஈர உப்பு விழுவதற்காக! அந்தச் சத்தம் கேட்டால் இந்த வாசலில் வேலை முடிந்தது, அடுத்த வாசலுக்கு நடக்கலாம் என்று அர்த்தம். மாட்டுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

“தட்டுடா என் ராஜா!” என்று அண்ணி கத்தினாள்.

சுப்பிரமணி தட்டுவானா? சொன்னால் செய்கிற வயதா? அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். படியைப் பிடுங்கினால் ஊரைக் கூட்டுகிறான். கடைசியில் நான் அவன் கையையும் படியையும் சேர்த்துப் பிடித்து டக் டக் என்று தட்டினேன். வண்டி நகர்ந்தது. அடுத்த வாசல். நின்றது. டக் டக். அதற்கடுத்த வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு முறம் வெளியே வந்தது, முறத்துக்குப் பின்னால் ஒரு முகம் வந்தது, அந்த முகம் உப்பைத் தேடி அம்முலுவைக் கண்டது. எங்கள் பெண்ணைக் கல்யாணக் கோலத்தில் அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததே இல்லை. சிலர் வாயைக் கோணிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் வண்டிக்கூடவே ஓடிவந்து, “அக்கா அயகா கீறாங்க! அக்கா அயகா கீறாங்க!” என்று எல்லா வாசலிலும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் இப்படியே போனால் உச்சிக்கு எப்படிப் போய்ச் சேருவது? தெரு இன்னும் பாதிகூட முடியவில்லை. வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பின்னால் பாண்டுரங்கன் உடம்பெல்லாம் புளியோடு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். அண்ணி திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

“நிக்கறதுக்கு முன்னாடியே தட்டுங்க! கைல எது கீதோ அத்த எடுத்து எல்லாரும் தட்டுங்க! நிறுத்தாதீங்க!”

கோபால் காலடியில் கிடந்த சீர்க் கூடையிலிருந்து கரண்டியை எடுத்தான். கோவிந்தம்மாள் தேங்காயை எடுத்துத் தட்டினாள். முனியம்மாள் அழுதுகொண்டே உள்ளங்கையால் பலகையை அறைந்தாள். நானும் சுப்பிரமணியும் படி. அதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்த அம்முலு நிமிர்ந்தாள். சீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். வளையல் குலுங்கப் பலகையில் போட்டாளே ஒரு போடு! மாடு ஒரு வாசலில் கால் தயங்கும், சத்தம் கேட்டுக் கிளம்பும். அடுத்த வாசலில் தயங்கும், கிளம்பும். அப்புறம் தயக்கமும் போய்விட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சிவப்புச் சேலை காற்றில் எழும்பிப் படபடவென்று அடிக்கிறது. கோழி பறக்கிறது, நாய் துரத்துகிறது. அண்ணி நுகத்துக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டு “ஓ! ஓ!” என்று கத்துகிறாள். அது பயமா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னாலிருந்து ஆண்டாளம்மாளின் குரல் தெருக்கோடி வரைக்கும் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது.

“ஏண்டி! ஒரு கல்யாணத்தையே ஏத்திக்கினு வந்தவ, ரெண்டு படி உப்ப ஏத்திக்கினு வரக்கூடாதா?”

தெருவைத் தாண்டினோம், தோப்பைத் தாண்டினோம், செய்யாற்று மணலில் இறங்கினோம். மணலில் சக்கரம் புதைந்தது. நாங்கள் எல்லோரும் குதித்துத் தள்ளினோம். அம்முலுவும் எழுந்தாள். அண்ணி ஒரு அதட்டுப் போட்டாள்.

“நீ உக்காரு! உன் கால்ல மண்ணு பட்டுதோ, நான் ஆத்துலயே நின்னுடுவேன்!”

அக்கரை ஏறியதும் பெருநகர்ப் பந்தல் தெரிந்தது. எங்கள் சத்தம் கேட்டு, நாங்கள் தனியாக ஏதோ மேளம் கூட்டி வருகிறோம் என்று நினைத்துப் பந்தலே எழுந்து நின்றுவிட்டது. அந்தக் கறாரான கிழவி முன்னால் வந்தாள். நெற்றியில் கையை வைத்துப் பொழுதைப் பார்த்தாள். அது உச்சிக்கு இன்னும் ஒரு முழம் கீழே இருந்தது. அம்முலு வண்டியிலிருந்து நேராகப் பாயில் காலை வைத்தாள். மஞ்சள் பூசின கால், மருதாணி கலையாத கால், அதில் ஒரு பொட்டு மண் இல்லை. அண்ணி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்தபடியே நின்றாள். அவள் காலில் முழங்கால் வரைக்கும் ஆற்று மணல்.

தாலி கட்டினதும் திரும்பிப் பார்க்கிறேன், பந்தல் ஓரத்தில் அண்ணன் நிற்கிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுப்பு அரிவாள் இடுப்பில் இருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு. பண்ணையில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டான்.

“வந்துட்டியாமே?” என்றான்.

“வந்தாச்சி” என்றாள் அண்ணி.

எங்கள் அண்ணன் வாய் திறக்கமாட்டேன் என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். அண்ணி மரக்காணம் போய் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தாள். போகும்போது வண்டியில் சனம், வரும்போது பலகைக்குக் கீழே உப்பு. ஆண்டாளம்மாள் எங்கள் கையிலிருந்து முறத்தில் வாங்கமாட்டார்கள். “வாசல்ல சாக்கு கீது, கொட்டிட்டுப் போ” என்பார்கள். அதுவும் அந்தக் காலம். ஆனால் வாங்கினார்கள். எங்கள் கையால் வாங்குவதா என்று பிடிவாதம் பிடித்தவர்கள் வீட்டுப் புளி அந்த வருஷம் பூச்சி பிடித்தது, நல்லா வேணும். உப்பு வேண்டுமென்றால் வண்டி தெருவுக்குள் வரவேண்டும். வண்டி வந்தால் அதில் உட்கார்ந்திருக்கிற சனமும் வரவேண்டும். வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிற பெண்கள் என்று எல்லோரும் ஊர்த்தெரு வழியாகத்தான் போனார்கள். கைக்குழந்தையோடு அண்ணியே ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்பதால் வயசுப் பெண்களைத் தனியாக ஏற்றி அனுப்பவும் யாரும் யோசிக்கவில்லை. வண்டியிலேயே கோபால் தூங்கினான். வண்டியிலேயே கோவிந்தம்மாளுக்குத் தலை பின்னினேன். நாலாவது குழந்தை வண்டியிலேயே பிறக்கப்போய் மயிரிழையில் தப்பித்தது. அப்புறம் இன்னொரு வண்டி, அறுபத்தெட்டிலே ஒரு பழைய வேன். வேன் வந்த அன்றைக்கு அண்ணி அந்த இரும்புப் படியைத்தான் முதலில் உள்ளே வைத்தாள். இப்போது எந்த வேனில் கிடக்கிறதோ, நான்தான் ஏறுவதில்லையே.

அன்றைக்குத் திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெண்ணை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வந்தோம். அண்ணன் நான் ஓட்டுகிறேன் என்று முன்னால் ஏறி உட்கார்ந்தான். அண்ணி கயிற்றைக் கொடுத்துவிட்டு, பின்னால் போய்ச் சுப்பிரமணியைப் போட்டுக்கொண்டு காலை நீட்டினாள். பிரிகிற இடம் வந்தது. அண்ணன் சுற்றுவழிப் பக்கம் கயிற்றை இழுத்தான். மாடு ஊர்த்தெருவுக்குள் திரும்பிற்று. அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

“ஏமே! ஏமே! எங்கமே போவுது இது?”

“அதுக்குத் தெரியும், வுடுய்யா.”

கோடி வீட்டு வாசலில் மாடு நின்றது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு திரும்பினான். அண்ணி தூங்குகிற பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, படியை மெல்ல உருவி, அண்ணன் கையில் கொடுத்தாள்.

“தட்டு” என்றாள்.

கன்னியப்பன் தட்டினான்.